பூசி மறைத்த தூண்

மீரானுக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. லஸ் முனையில் இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் பார்த்துப் படிக்கும்போது, நிஜமாகவே தெரிந்துதான் படிக்கிறார்களா, முன்னால் வந்தவர் படித்ததைக் காதில் வாங்கி ஒப்பிக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருப்பார். வயது ஐம்பத்து மூன்று. கல்லுப் பள்ளி ஜமாஅத்துக்கு ஆறு வருஷமாக அவர்தான் செயலாளர்.

கச்சேரி ரோட்டிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே அமுங்கினாற்போல இருக்கும் அந்தப் பள்ளிவாசல். உள்ளே பெரிய குவிமாடம் கிடையாது. நான்கு வரிசை, வரிசைக்கு ஆறாக இருபத்து நான்கு கல்தூண்கள். அவற்றின் மேல் கல் உத்தரங்கள். அதற்கும் மேல் தட்டையான கல்கூரை. தூணின் அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம், உச்சியில் வாழைப்பூ தொங்குவது மாதிரி போதிகை. மேற்குச் சுவரில் தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபின் வளைவு மட்டும் இல்லையென்றால், முதன்முதலாக உள்ளே வருகிறவர் ஏதோ கோயில் மண்டபம் என்றே நினைத்துக்கொள்வார். அதுதான் மீரானுக்குக் கவலை. ஐநூறு வருஷம் என்பார்கள் சிலர், அறுநூறு என்பார்கள் சிலர். அதற்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதம்கூட ஜமாஅத்திடம் இல்லை.

அதனால், ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, எதிர்ப்பக்கம் நின்று ஒரு பெண் பள்ளியின் வெளிச்சுவரைப் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்ததுமே அவருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஐம்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, காலில் கேன்வாஸ் ஷூ.

"யார் மேடம் நீங்க? என்ன வரையறீங்க?"

"என் பேர் ஜானு சார். அடையாறுல இருக்கேன். கட்டடக்கலை கல்லூரியில பாடம் எடுக்கறேன். உங்க பள்ளிவாசலை முழுசா அளந்து ஒரு வரைபடம் போடணும்னு ரொம்ப நாளா ஆசை. யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"எதுக்கு வரைபடம்?"

"கல்லுல கட்டின இந்த மாதிரிப் பள்ளிவாசல் தெக்க கடற்கரை ஊர்கள்ல நிறைய இருக்கு. மெட்ராஸுக்குள்ள அபூர்வம். யாரும் சரியா அளந்ததில்லை."

யாரும் அளக்காமலே இருந்தால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டார் மீரான். ஊர் ஊராக என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதலில் ஒருவர் அளவெடுக்க வருவார். பிறகு ஒருவர் கட்டுரை எழுதுவார். அதற்குப் பிறகு ஒருவர் மனுப் போடுவார். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து அந்த வரிசை அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

ஆனால் பள்ளியின் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி ஜைனுல் ஆபிதீன் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு வேறு கணக்கு. "இலவசமாத்தானே அளந்து தர்றாங்க? மேல ஒரு மாடி எடுத்தா இந்தத் தூணெல்லாம் தாங்குமான்னும் கேட்டுக்கலாம்" என்றார்.

மீரான் நிபந்தனைகள் போட்டார். தொழுகைக்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டும்தான் வரவேண்டும். தலையில் துப்பட்டா. அவர் கூடவே இருப்பார். போட்டோ எடுப்பதானால் அவருடைய போனில்தான். வேண்டியதைப் பார்த்து அவரே அனுப்பி வைப்பார். ஜானு எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் மீரானுக்கு அவள்மேல் சந்தேகம் ஒரு படி கூடத்தான் செய்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தாள். கையடக்கமான லேசர் கருவி ஒன்று, அளவு நாடா, ஒரு தடித்த நோட்டு. மத்தியான லுஹருக்கும் மாலை அஸருக்கும் இடையே ஆளில்லாத பள்ளிக்குள் அவள் தூண் தூணாக அளக்க, மீரான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக ஒரு பெண்ணோடு இருப்பது சரியல்ல என்று மனைவி ஷாகிராவையும் கூட்டி வந்திருந்தார். ஷாகிரா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம். பள்ளிக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவள் ஜானுவைப் பார்க்கவே இல்லை. கழுத்து வலிக்கக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு உருவம்கூடச் செதுக்கலை, பாருங்க சார்" என்றாள் ஜானு ஒரு போதிகையைக் காட்டி. "கொடி, பூ, மொட்டு, அவ்வளவுதான். இதே தச்சன் கோயில்ல வேலை செஞ்சா இந்த எடத்துல யாளியோ பறவையோ வெச்சிருப்பான். இங்க யாருக்காகச் செய்யறோம்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான்."

நல்ல வார்த்தைதான். ஆனாலும் 'கோயில்' என்று அவள் வாயில் வந்ததை மட்டும் மீரான் மனசுக்குள் குறித்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவள் நான்காவது வரிசையின் தெற்குக் கோடித் தூணுக்கு வந்தாள். மீரான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அந்தத் தூண் மற்றவை மாதிரி இல்லை. அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்குமேல் வரை தடிமனாகப் பூசி, வெள்ளையடித்திருந்தது. வயதானவர்கள் அதில்தான் முதுகைச் சாய்த்துக்கொள்வார்கள். ஜானு அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"மத்ததெல்லாம் பதினஞ்சு அங்குலம். இது பத்தொன்பது. ஏன் சார் இதை மட்டும் பூசியிருக்கு?"

"மழை ஒழுகிச்சு. கல்லு பொரிஞ்சுபோச்சு. அதான்."

"சுண்ணாம்பு இல்லையே, சிமெண்ட். எப்பப் பூசினது?"

"எனக்குத் தெரியாது மேடம். ரொம்ப நாளாச்சு."

பொய். நாள்கூட அவருக்கு நினைவிருந்தது. தொண்ணூற்றிரண்டு டிசம்பர், இரண்டாவது வாரம். வடக்கே மசூதியை இடித்த செய்தி வந்து, ஊரெல்லாம் கடை அடைத்துக் கிடந்த நேரம். மீரானுக்கு அப்போது இருபத்தொரு வயது. அத்தாதான் அந்நாளில் செயலாளர். லுஹர் முடிந்து எல்லோரும் போனபின் அத்தா அரை மூட்டை சிமெண்டை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். "வாசல்ல நில்லு. யாரையும் விடாதே. நீயும் உள்ள வராதே" என்றார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கையெல்லாம் சிமெண்டும் கண்ணெல்லாம் சிவப்புமாக வெளியே வந்தார். "அந்தத் தூணை யாரும் சுரண்டக் கூடாது. நீ இருக்கிறவரைக்கும் பார்த்துக்கோ." அதற்குமேல் சாகும்வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தா காரணமில்லாமலா பூசியிருப்பார்? உள்ளே ஒரு சிலை இருக்கிறது என்றே மீரான் முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு சாமியின் முகமோ, கையோ. அந்தத் தூணைத் தாண்டி நின்று தொழும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். ஷாகிராவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஜானு நோட்டில் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். மீரான் அதைப் பார்த்தார்.

சனிக்கிழமை மத்தியானம், கடைக்கு லென்ஸ் வாங்கிக்கொண்டு மாடவீதிப் பக்கமாக ஸ்கூட்டரில் வந்தபோது, ஒரு வீட்டு வாசலில் ஜானு நின்று பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார். பேசிக்கொண்டிருந்தது ஸ்ரீரங்கனோடு.

ஸ்ரீரங்கனை மீரானுக்கு நன்றாகத் தெரியும். கல்வெட்டுப் படிக்கிற உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கடையின் பழைய வாடிக்கையாளர். ஆறு மாதத்துக்கு முன் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் போனில் காட்டியதில்தான் மீரானுக்கு விஷயம் தெரிந்தது: 'மயிலையில் காணாமல் போன கோயில் கற்கள் எங்கே?' என்று ஸ்ரீரங்கன் வாட்ஸப்பில் தொடராக எழுதிக்கொண்டிருந்தார். அதில் பதினோராவது பகுதியில், 'கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு பழைய மண்டபமும் ஆராயத் தக்கது' என்று ஒரு வரி. பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மீரான் ஸ்கூட்டரைத் திருப்பவில்லை. நேரே கடைக்குப் போய் ஜானுவுக்குப் போன் போட்டார்.

"மேடம், இனிமே நீங்க வர வேண்டாம்."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"ஸ்ரீரங்கன் சார் உங்களுக்கு யாரு?"

"என் அக்கா ஆத்துக்காரர். அத்திம்பேர். மயிலாப்பூர் வந்தா அங்கதான் சாப்பிடுவேன்."

"முதல்லயே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?"

ஜானுவே தொடர்ந்தாள். "பள்ளிக்குள்ள என்ன இருக்குன்னு அவர் கேக்கறார், நான் சொல்லலை. உங்களுக்கு என்மேல சந்தேகம் இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்கும் உங்கமேல இருந்தது. மாடி தாங்குமா, மாடி தாங்குமான்னு முத்தவல்லி நாலு தடவை கேட்டார். என் வரைபடத்தை வெச்சே பள்ளியை இடிச்சுடுவீங்களோன்னு பயந்தேன். அது கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்தப் பூசின தூணுக்கு மேல உத்தரத்துல விரிசல் விட்டிருக்கு. சிமெண்டுக்குள்ள ஈரம் போக வழியில்லாம கல்லு உள்ளயே உப்பு பூத்துக்கிட்டிருக்கு. கீழ தரை எப்பவும் ஈரமா இருக்கறதைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சிமெண்டை எடுத்தே ஆகணும். என்னை வெச்சு எடுக்க வேண்டாம். யாரையாவது வெச்சு எடுங்க. அந்த இடத்துல யாரும் உக்காராம பார்த்துக்கோங்க."

போனை வைத்ததும், இது தூணைத் திறக்க வைப்பதற்கான தந்திரம் என்றே மீரான் நினைத்தார். அஸருக்குப் போனவர் டார்ச் அடித்து உத்தரத்தைப் பார்த்தார். விரிசல் இருந்தது. கட்டைவிரல் நகம் நுழைகிற அகலம். அதற்கு நேர் கீழே இரண்டு பெரியவர்கள் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார்கள்.

அன்று வீட்டில் ஷாகிராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கேட்டுவிட்டு, "சிலை இருக்குன்னு மாமா சொன்னாங்களா?" என்றாள்.

"சொல்லலை."

"நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்ப எதை வெச்சு முப்பது வருஷமா பயந்துக்கிட்டு இருக்கீங்க?"

செவ்வாய்க்கிழமை டில்லிபாபு வந்தான். ஜமாஅத்துக்கு வழக்கமாகக் கொத்து வேலை பார்ப்பவன். முன்பெல்லாம் அடையாற்றங்கரையில் இருந்தான். இப்போது பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறான். வாயைத் திறக்காத ஆள் என்று மீரானுக்கு ஒரு நம்பிக்கை. லுஹர் முடிந்ததும் வாசல் கதவைச் சாத்தினார்கள். முத்தவல்லிக்குச் சொல்லவில்லை.

"பாய், மெதுவா தட்டணும். கல்லு நொறுங்கிப்பூடும்" என்று டில்லிபாபு உளியை ஓரத்தில் வைத்துத் தட்டத் தொடங்கினான். சிமெண்ட் பாளம் பாளமாக விழுந்தது. ஒவ்வொரு பாளம் விழும்போதும் மீரான் கண்ணை மூடித் திறந்தார். முகம் வரவில்லை. கை வரவில்லை. முதலில் எட்டுப் பட்டையின் விளிம்பு தெரிந்தது. பிறகு அடிச் சதுரம்.

"இன்னா பாய், எய்த்து மாதிரி கீது?"

சதுரத்தின் கிழக்கு முகத்தில் நான்கைந்து வரிகள். உப்பு பூத்து, புள்ளியில்லாத பழைய எழுத்து. மீரான் தரையில் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த லென்ஸை வைத்துப் பார்த்தார். எல்லாம் புரியவில்லை. ஆனால் அத்தா எதைப் பார்த்திருப்பார் என்பது மட்டும் உடனே புரிந்தது. இரண்டாம் வரியில் தொடங்கி மூன்றாம் வரியில் முடிகிற ஒரு சொல். கூட்டிப் படித்தால் 'தேவரடியாள்'.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட பெண். கோயில் தூண்.

அப்படியானால் ஸ்ரீரங்கன் எழுதியதுதான் சரியா? இது அங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்த கல்லா? மீரான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டில்லிபாபு சிமெண்ட் துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தான்.

"மறுபடி பூசிடட்டா பாய்? ஒரு அவர்ல முட்ச்சிரலாம்."

பூசிவிடலாம். அத்தா செய்ததைத்தான் செய்வதாக ஆகும். ஆனால் விரிசல் விட்ட உத்தரம் அதோடு நின்றுவிடுமா? மீரான் ஐந்து நிமிஷம் யோசித்தார். பிறகு எழுந்து ஜானுவுக்கே போன் செய்தார்.

அவள் வந்து பார்த்தாள். உத்தரத்துக்கு உடனே இரும்பு முட்டுக் கொடுக்கச் சொன்னாள். எழுத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எனக்குக் கல்லைப் பத்தித் தெரியும் சார். எழுத்து தெரியாது. இதைப் படிக்கத் தெரிஞ்சவர் இங்க பக்கத்துல ஒருத்தர்தான்."

"அவர் வேண்டாம்."

"வேண்டாம்னா சரி. ஆனா இப்ப சிமெண்ட் உதிர்ந்தது எத்தனை பேருக்குத் தெரியப் போறது, எத்தனை நாளைக்குத் தெரியாம இருக்கும்?"

ஸ்ரீரங்கனைக் கூப்பிடுவது என்று மீரான் முடிவு செய்ய நான்கு நாளானது. கூப்பிடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எட்டுப் படம் எடுத்து, தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் குருபிரசாத் என்ற கல்வெட்டு ஆராய்ச்சிக்காரருக்கு, எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று சொல்லாமல் அனுப்பி வைத்தார். கல்லில் இருப்பதை ஸ்ரீரங்கன் மாற்றிப் படித்தால் பிடித்துவிடலாம்.

ஸ்ரீரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய ரெக்ஸின் பையோடு வந்தார். எழுபது வயது. முத்தவல்லிக்கும் தகவல் போய்விட்டிருந்தது. அவர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜானுவும் ஷாகிராவும் பின்னால்.

ஸ்ரீரங்கன் கல்லை ஈரத்துணியால் துடைத்தார். நனைத்த காகிதத்தை எழுத்தின்மேல் ஒட்டி, முரட்டு பிரஷ்ஷால் மெல்ல மெல்லத் தட்டினார். பிறகு மையில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினார். கறுப்புப் பரப்பில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஸ்வஸ்திஸ்ரீ. இத்தூண்... இவ்வூர்த் தேவரடியாள்..." என்று நிறுத்தி, மீரானை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு பளபளப்பு. "பெரியநாச்சி. அப்புறம் ஒரு 'க'. அவ்வளவுதான், கல்லு தரைக்குள்ள போயிடறது."

"என்ன 'க'?" என்றார் முத்தவல்லி.

"தெரியலையே. 'கட்டின'ன்னு இருக்கலாம். 'கட்டின திருமண்டபம்'னு நிறைய எடத்துல வரும். 'கட்டளை'ன்னும் வரலாம்."

"அதாவது கோயில்னு சொல்றீங்க."

"நான் சொல்லலை. வாக்கியம் முடியலைன்னு சொல்றேன். வினைச்சொல் கீழே இருக்கு. இந்தத் தரையை எப்பவோ உசத்தியிருக்கா. முக்கால் அடியாவது இருக்கும்."

முத்தவல்லி மீரானைத் தனியே இழுத்தார். குரலைத் தாழ்த்தினாலும் கல்மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது. "மூடுப்பா இதை. உங்க அத்தா என்ன முட்டாளா? தாசி பேரை வெச்சுக்கிட்டுத் தொழுகை நடத்தச் சொல்றியா? தரையை வேற தோண்டி, கீழே என்ன வருமோ!"

"மூடினா என்ன ஆகும் மாமு? அந்தக் 'க'வோட இவர் வீட்டுக்குப் போனா, மிச்சத்தை இவரே எழுதிக்குவார்."

ஸ்ரீரங்கன் காதில் அது விழுந்தது. அவர் முகம் சிவந்தது. "நாப்பது வருஷம் இதே தொழில்ல இருந்திருக்கேன் மீரான். இல்லாத எழுத்தை ஒரு நாளும் படிச்சதில்லை" என்றார். ஆனால் ரெக்ஸின் பையைத் தூக்கவும் இல்லை, நகரவும் இல்லை. மிச்சம் என்ன என்று தெரியாமல் அவராலும் போக முடியவில்லை.

மீரான் டில்லிபாபுவைப் பார்த்துத் தலையசைத்தார். முத்தவல்லி வேகமாக வெளியேறி, வாசலோடு நின்றுவிட்டார்.

தரைக்கல் ஒன்றைப் பெயர்ப்பதற்கே அரை மணி நேரமானது. அதன் கீழே செங்கல் ஜல்லி. அதற்கும் கீழே நனைந்த மணல், கடல் மணல். டில்லிபாபு கையாலேயே அள்ளிப் போட்டான். தூணின் சதுரம் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. அங்கே சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. எழுத்து, நேற்றுத்தான் வெட்டிய மாதிரி கூர்மையாக இருந்தது.

ஸ்ரீரங்கன் குப்புறப் படுத்து, தலையைக் குழிக்குள் விட்டார். காகிதம், தண்ணீர், பிரஷ். மை காய்வதற்குள்ளேயே படிக்கத் தொடங்கினார். ஒரு வரி முணுமுணுத்தார், நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார்?" மீரான் குழிக்குப் பக்கத்தில் குனிந்தார். "சொல்லுங்க."

ஸ்ரீரங்கன் மேலே எடுத்த காகிதப் படியையும் கீழே எடுத்ததையும் தரையில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் காட்டிப் படித்தார்.

"ஸ்வஸ்திஸ்ரீ. இத்தூண், இவ்வூர்த் தேவரடியாள் பெரியநாச்சி, கடலிற் போன தன் தம்பியைக் கொண்டு வந்த சோனகர் பள்ளிக்கு இட்டது."

"சோனகர்னா?" என்றாள் ஷாகிரா.

"நீங்கதாம்மா. கடல் வியாபாரம் பண்ணின துலுக்கரை அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவா." அவர் கைக்குட்டையால் மையைத் துடைத்துக்கொண்டார். "அவ தம்பி கடல்ல போய்க் காணாமப் போயிருக்கான். இவா கப்பல்ல யாரோ கொண்டு வந்து சேத்திருக்கா. அதுக்காக இந்தப் பள்ளிவாசலுக்கு ஒரு தூண் கொடுத்திருக்கா. கோயிலேர்ந்து வந்த தூண் இல்லை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது. அந்த ஏமாற்றத்தைக் கேட்ட பிறகுதான், அவர் படித்தது உண்மை என்று மீரானுக்குப் பட்டது.

இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க சார். மேல்வரியை நான் வேற ஒருத்தருக்கும் அனுப்பியிருக்கேன். இதையும் அனுப்புவேன்."

"யாருக்கு?"

"தஞ்சாவூர் குருபிரசாத்."

ஸ்ரீரங்கன் அவரை உற்றுப் பார்த்தார். "நல்ல ஆள்தான். 'ற'வை மட்டும் சரியா பாக்கச் சொல்லுங்கோ. அவனுக்கு அவசரம் ஜாஸ்தி." பிறகு, "உங்க எடத்துல இருந்தா நானும் அனுப்பியிருப்பேன்" என்றார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஓர் எழுத்தும் மாறவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் எழுத்தாக இருக்கலாம் என்றும் குருபிரசாத் எழுதியிருந்தார். மீரான் அந்தச் செய்தியைக் கடையில் உட்கார்ந்து படித்தார். அத்தாவுக்குத் தரைக்கு மேலே இருந்தது மட்டும்தான் தெரியும். ஒரு சொல்லைப் படித்துவிட்டு, அது தலையில் இடியாக விழப்போகிறது என்று அவர் பயந்து, கண் சிவக்கச் சிமெண்ட் குழைத்தார். முக்கால் அடி கீழேதான் பதில் இருந்தது. வாடிக்கையாளர் வந்ததும் எழுந்து லென்ஸ் துடைக்கப் போய்விட்டார்.

ஜமாஅத் கூட்டத்தில் சண்டை நடந்தது. முத்தவல்லி ஒத்துக்கொள்ளவே இல்லை. "நன்மைதான், நல்ல மனுஷிதான், யார் இல்லைன்னது? ஆனா பேரு தெரியணுமா? துணி போட்டு மூடலாமே" என்றார். மறுபடி பூசக் கூடாது, பூசினால் உத்தரம் இறங்கிவிடும் என்று ஜானு எழுதித் தந்த கடிதத்தை மீரான் படித்துக் காட்டினார். அதில் கடைசியில், மாடி எடுப்பதை இந்தத் தூண்கள் தாங்கா என்றும் ஒரு வரி இருந்தது. முத்தவல்லிக்கு அதுதான் பெரிய அடி. கடைசியில், குழியைச் சுற்றி மரச்சட்டம் போட்டுத் திறந்தே வைப்பது என்று ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவாயிற்று. கடைசித் தொழுகை வரிசையில், கடைசி சஃப்பில், ஓர் ஆள் நிற்கிற இடம் குறைந்தது.

ஷாகிரா வீட்டில் சொன்னாள்: "ஒரு பொம்பளை கொடுத்த தூண் அங்க ஐநூறு வருஷமா நிக்குது. எங்களுக்கு நிக்க இடம் கேட்டா மட்டும் இல்லைங்கறீங்க." மீரான் அதை ஜமாஅத் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு விஷயமாக வைக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்; அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஜானுவின் வரைபடங்கள் வந்தன. தெற்குக் கோடித் தூணில் கேள்விக்குறி இல்லை. பதினைந்து அங்குலம் என்று எழுதியிருந்தது. அதே வாரம் ஸ்ரீரங்கனின் தொடரில் இருபத்து மூன்றாம் பகுதி வந்தது. கடையில் இருந்த கூட்டத்தையும் மறந்து மீரான் வரி வரியாகப் படித்தார். முழு வாசகமும் இருந்தது. பள்ளிவாசலின் பெயர் இருந்தது. தான் பதினோராம் பகுதியில் எழுதிய ஊகம் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். எல்லாம் சரி. கடைசியில் மட்டும் ஒரு வாக்கியம்: 'இத்தூணைத் தவிர மற்ற இருபத்து மூன்று தூண்களின் அடிப்பகுதியும் தரைக்குள் இருப்பதால், அவற்றைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.'

மீரானுக்குச் சுர்ரென்று ஏறியது. கடையை, சாப்பாடு கொண்டு வந்திருந்த ஷாகிராவிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மாடவீதி வீட்டுக் கதவைத் தட்டினார். ஸ்ரீரங்கனே வந்து திறந்தார்.

"இன்னும் என்ன சந்தேகம் சார் உங்களுக்கு? எதுக்கு அந்தக் கடைசி வரி?"

"தப்பா இருக்கா?"

"தப்பில்லை."

"பின்னே?"

"அதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

ஸ்ரீரங்கன் கதவை அகலத் திறந்தார். "அதைத்தான் பேசணும். உள்ள வாங்கோ. என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. வேணும்னா நீங்களே அந்த வரியை எழுதிக் காட்டுங்கோ. உங்க வரி உண்மையா இருந்தா போட்டுடறேன்."

மீரான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அந்த ஆளின் முகத்தில் ஏதாவது தந்திரம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்று அந்த ஒரு வரிக்காக இரண்டு பேரும் மாலை அஸர் பாங்கு சொல்லும்வரை வாதாடினார்கள்.